வேற்றுக்கிரகத்தில் யாராவது இருக்கிறார்களா? மொட்டைமாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேடியோ தொலைநோக்கிகளோடு முப்பது வருடத்துக்கு மேல் மாரடித்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் சொந்த ஊருக்கே திரும்பியவன் நான். மேகம் வழிவிட்டால் மாதத்தில் நாலைந்து ராத்திரி, வீட்டு மொட்டைமாடியிலோ முட்டம் கடற்கரையிலோ ஒரு எட்டு அங்குலத் தொலைநோக்கியை வைத்துப் பிள்ளைகளுக்கு வானம் காட்டுகிறேன். சனியின் வளையத்தைப் பார்த்து வாயைப் பிளந்த மறுநிமிடம் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: அங்கே ஆள் இருக்கா? சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனதால் எழுதி வைக்கிறேன்.

சுத்தி வளைக்காமல் சொல்லுங்க பாட்டா. உண்டா, இல்லையா?

(எங்கள் ஊரில் தாத்தா கிடையாது, பாட்டாதான்.)

பூமிக்கு வெளியே உயிர் இருப்பதற்கு இன்று வரை உறுதியான சான்று ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பச்சை மனிதனை விடுங்கள், ஒரு பாக்டீரியாகூட இல்லை. இது தகவல்.

இனி வருவது என் அபிப்பிராயம். நுண்ணுயிர்கள் பல இடங்களில் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ரேடியோ கட்டிப் பேசக்கூடிய உயிர் ரொம்ப அபூர்வம். நமக்குக் கேட்கிற தூரத்தில், நம் காலத்திலேயே அப்படி ஒன்று இருக்கிறது என்று யாராவது பந்தயம் கட்டினால், எதிர்ப்பக்கம்தான் நான் பணம் வைப்பேன்.

காரணம் பூமியின் கதை. பூமிக்கு வயது சுமார் 454 கோடி வருடம். 350 கோடி வருடத்துக்கு முந்தைய பாறைகளிலேயே நுண்ணுயிர்களின் தடயம் இருக்கிறது. அதாவது பூமி கொஞ்சம் ஆறியதுமே உயிர் வந்துவிட்டது. அப்புறம்? கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு விலங்கு என்று ஒன்று தலைகாட்டியது சுமார் 60 கோடி வருடத்துக்கு முன்னால்தான். இடைப்பட்ட காலம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ராஜ்யம். நாம் ரேடியோ பேச ஆரம்பித்து நூற்றுச் சில்லறை வருடம்தான் ஆகிறது. தொடங்குவது எளிது, வளர்வது கஷ்டம் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. நம்மிடம் இருப்பது ஒரே ஒரு பூமி. ஒரே ஒரு பலா மரத்தைப் பார்த்துவிட்டு ஊரிலுள்ள எல்லாப் பலாவும் எப்போது காய்க்கும் என்று சொல்கிறவன் கதைதான் என்னுடையதும்.

இத்தனை கோடி நட்சத்திரம் இருக்கே, ஒன்றில்கூடவா இருக்காது?

நம் பால்வீதியில் மட்டும் 10,000 கோடியிலிருந்து 40,000 கோடி வரை நட்சத்திரங்கள் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். சூரியனைப் போன்ற நட்சத்திரம் ஒன்றைச் சுற்றி ஒரு கிரகத்தை முதன்முதலில் மிஷேல் மயோரும் டிடியே கேலோவும் 1995இல் கண்டுபிடித்தார்கள். 2019இல் நோபல் பரிசு வந்தது. வேறு நட்சத்திரங்களைச் சுற்றுவது உறுதியான கிரகங்களின் எண்ணிக்கை இப்போது 6,000ஐத் தாண்டிவிட்டது. நான் படிக்கிற காலத்தில் இந்த எண் பூஜ்யம்.

சரி, பெரிய எண்தான். ஆனால் அதை எதனால் பெருக்கப் போகிறோம்? 1961இல் ஃபிராங்க் டிரேக் என்ற அமெரிக்க வானியலாளர் ஒரு சமன்பாடு எழுதினார்: வருடத்துக்கு எத்தனை நட்சத்திரம் பிறக்கிறது, அதில் எத்தனைக்குக் கிரகம் உண்டு, அதில் எத்தனை உயிருக்கு ஏற்றது, உயிர் தோன்றுமா, அறிவு வருமா, அது சமிக்ஞை அனுப்புமா, எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்று ஏழு சங்கதிகள். முதல் இரண்டுக்கு இன்று நல்ல பதில் இருக்கிறது. மூன்றாவதுக்கு அரைகுறை. மீதி நாலும் அவரவர் மனநிலைதான். காலையில் காப்பி குடிக்கும் முன்னால் போட்டால் ஒரு விடை, குடித்த பின்னால் வேறு விடை. டிரேக்கே அதை ஒரு சிறிய கூட்டத்தில் எதைப் பற்றியெல்லாம் பேசலாம் என்ற பட்டியலாகத்தான் எழுதினார். விடை கண்டுபிடிக்கும் சூத்திரமாக அதை ஆக்கியது பின்னால் வந்தவர்கள்.

கண்ணுக்கே தெரியாத கிரகத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நட்சத்திரத்துக்கு முன்னால் கிரகம் கடக்கும்போது ஒளி கொஞ்சம் மங்கும். முட்டம் லைட்ஹவுஸ் விளக்குக்கு முன்னால் ஒரு கொசு பறப்பதைக் கொல்லங்கோட்டில் நின்று கண்டுபிடிப்பது மாதிரி. பூமி சூரியனை மறைத்தால் மங்குவது 0.008 சதவீதம்தான். அதுவும் கிரகத்தின் பாதை சரியாக நம் பார்வைக் கோட்டில் இருக்க வேண்டும். பூமி மாதிரி பாதையில் சுற்றும் கிரகம் என்றால் 200இல் ஒன்றுதான் அப்படி அமையும். மற்ற 199ம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், இந்த முறையில் நமக்குத் தெரியாது.

ரேடியோவில் கேட்கிறார்கள் என்கிறீர்கள். என்ன கேட்கும்? பேச்சா, பாட்டா?

ஒன்றும் கேட்காது. கம்ப்யூட்டர் திரையில் கோடு கோடாக வரும், அவ்வளவுதான். முதல் தேடல் 1960இல். அமெரிக்காவின் கிரீன் பேங்கில் அதே டிரேக், டவ் செட்டி, எப்சிலன் எரிடானி என்ற இரண்டு நட்சத்திரங்களை நோக்கி ஒரு தொலைநோக்கியைத் திருப்பி 1,420 மெகாஹெர்ட்ஸில் கவனித்தார். ஏன் அந்த அலைவரிசை? பிரபஞ்சத்தில் அதிகமாக இருக்கும் ஹைட்ரஜன் தானாகவே வெளியிடுகிற அலை அது. ரேடியோ வானியல் தெரிந்த எவருக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், அந்த எண் தெரிந்திருக்கும். சந்திக்க இடம் சொல்லாமல் பிரிந்த இரண்டு பேர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தேடுவது மாதிரி.

நம் பக்கத்திலும் நல்ல காதுகள் உண்டு. ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டி 1970இல் வேலை தொடங்கிய ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே 11 டிகிரி சாய்வுள்ள மலைச்சரிவாகப் பார்த்து நிறுத்தியதால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே திருப்பில் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். (நம் மாவட்டத்தில் கட்டியிருந்தால் 8 டிகிரிச் சரிவு போதும். சும்மா சொன்னேன்.) புனேக்குப் பக்கத்தில் 30 தட்டுகள் கொண்ட ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 2016இல் செவ்வாயில் இறங்கப் போன ஸ்கியாபரெல்லி என்ற ஐரோப்பியக் கலத்தின் சன்னமான குரலை அது இங்கிருந்தே பிடித்தது. கலம் கீழே மோதி நொறுங்கியது வேறு கதை.

அப்படியானால் ஒருதடவைகூட ஒன்றும் வரலையா?

வந்துகொண்டேதான் இருக்கிறது. பிரச்சினையே அதுதான்.

என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், சாயங்காலம் ஏழரை மணிக்கு ஒரு கூர்மையான கோடு திரையில் வந்தது. அரை மணி நேரம் இருந்தது, போய்விட்டது. மறுநாளும் ஏழரை. அதற்கு மறுநாளும். எனக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. மனதுக்குள் ஸ்டாக்ஹோமில் நோபல் மேடையேறி எந்தச் செருப்பு போடுவது என்பது வரை யோசித்துவிட்டேன்.

மூத்தவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தினமும் அதே ஏழரையா, இல்லை நாலு நிமிஷம் முன்னாடி முன்னாடி வருதா?" அங்கேயே எனக்கு முகம் செத்துவிட்டது. நட்சத்திரங்கள் தினமும் சுமார் நாலு நிமிடம் முன்னதாக உதிக்கும். பதினைந்து நாளில் ஒரு மணி நேரம் வித்தியாசம் வந்துவிடும். நட்சத்திரங்களிலிருந்து வரும் எதுவும் அந்தக் கணக்கைத்தான் பின்பற்றும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வருவது மனிதன் மட்டுமே. அதோடு, ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோடு வரவே இல்லை. வேற்றுக்கிரகவாசிக்கு ஏது ஞாயிறு விடுமுறை? கடைசியில், பக்கத்து ஊரில் ஒரு வீட்டின் கூரையில் ஆன்டெனாவோடு கட்டியிருந்த டிவி பூஸ்டர். ஏழரை மணித் தொடருக்காகத் தினமும் போட்டு, முடிந்ததும் அணைத்துவிடுவார்கள். அந்த வீட்டு அம்மா எங்களுக்குக் கடுங்காப்பி தந்து, தொடரின் முன்கதையையும் சொல்லி அனுப்பினார்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் வருடக்கணக்காக வந்த புரியாத துடிப்புகளுக்குக் காரணம் மைக்ரோவேவ் அடுப்பு என்று 2015இல் தெரிந்தது. சாப்பாடு சூடாகி முடியும் முன்பே பொறுமையில்லாமல் கதவைத் திறந்தால் ஒரு துடிப்பு. அதே பார்க்ஸில் 2019இல், நமக்கு மிக அருகிலுள்ள பிராக்ஸிமா சென்டாரி திசையிலிருந்து ஒரு சமிக்ஞை கிடைத்தது. இரண்டு வருடம் பிரித்து மேய்ந்த பிறகு அதுவும் நம் கருவிகளின் குறுக்கீடு என்று முடிவானது. 1967இல் ஜோஸ்லின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி கண்ட 1.337 வினாடித் துடிப்புக்குக் 'குட்டிப் பச்சை மனிதர்கள்' என்று விளையாட்டாகப் பெயர் வைத்தார்கள். அது பல்சார் என்ற புதுவகை நட்சத்திரமாக இருந்தது. அந்த ஒரு தடவை சந்தேகம் தீர்ந்தபோது கையில் கிடைத்தது எதிர்பார்த்ததைவிடப் பெரிய சரக்கு.

ஆகவே எங்கள் தொழிலில் முதல் சந்தேகம் நம் வீட்டு அடுப்படிமேல்தான். அடுத்து நம் செயற்கைக்கோள்கள்மேல். அப்புறம் புது இயற்கை நிகழ்ச்சி ஏதாவதா என்று பார்ப்போம். வேற்றுக்கிரகவாசி வரிசையில் கடைசி ஆள்.

1977இல் வந்த 'வாவ்' சிக்னல்?

அது மட்டும் இன்னும் நெருடுகிறது. ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவின் ஒஹையோவில் 'பிக் இயர்' ரேடியோ தொலைநோக்கியில் வந்த அந்த வலுவான சமிக்ஞை 72 வினாடி நீடித்தது. தொலைநோக்கி நிலையாக நிற்க, பூமியின் சுழற்சியில் வானத்தின் ஒரு புள்ளி அதன் பார்வையைக் கடக்க ஆகும் நேரமும் அதுவே. ஏறி இறங்கிய விதமும் வானத்திலிருந்து வருவதற்குச் சரியாகப் பொருந்துகிறது. பதிவைப் பார்த்த வானியலாளர் ஜெர்ரி எமன் அச்சுத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் 'வாவ்' என்று எழுதினார். பிறகு எத்தனையோ பேர் அதே திசையில் தேடியும் மறுபடி வரவில்லை. ஒரே ஒரு தடவை வந்ததை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். டிவி பூஸ்டரில் கை சுட்டவன்.

இவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றால் இல்லை என்றுதானே அர்த்தம்?

எவ்வளவு தேடினோம் என்பதைப் பொறுத்தது. இந்தத் துறையின் மூத்தவர் ஜில் டார்ட்டர் சொல்லும் உவமை: கடலில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, மீன் இல்லையே என்று பார்ப்பது. 2018இல் வேறொரு குழு கணக்கைத் திருத்திப் போட்டது. டம்ளர் இல்லை, ஒரு சின்ன நீச்சல் குளம் அளவுக்குத் தேடிவிட்டோமாம். இதை முட்டத்தில் ஒரு வள்ளக்காரரிடம் சொன்னேன். "அதுல நெத்திலிகூடக் கிடைக்காதே சார்" என்றார்.

செவ்வாயில்?

ஒரு காலத்தில் இருந்திருக்கலாம். ஆறு, ஏரி எல்லாம் இருந்த இடம். 1976இல் வைக்கிங் கலங்கள் மண்ணைச் சோதித்துக் குழப்பமான விடை கொடுத்தன. பெரும்பாலானோர் அதை ரசாயனம் என்றே முடிவு செய்தார்கள். 2024இல் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி, பழைய ஆற்றுப்படுகை ஒன்றில் சிறுத்தைப் புள்ளிகள் கொண்ட ஒரு கல்லைக் கண்டது. அதில் உள்ள கனிமங்கள் பூமியில் பெரும்பாலும் நுண்ணுயிர்களை ஒட்டி உண்டாகிறவை. உயிர் இல்லாமலும் உண்டாகலாம். துளைத்தெடுத்த துண்டு இன்னும் செவ்வாயிலேயே குழாய்க்குள் இருக்கிறது. அதைப் பூமிக்குக் கொண்டுவந்து ஆய்வகத்தில் வைக்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

செவ்வாய் ஏன் செத்தது என்று பிள்ளைகள் கேட்டால் மணவாளக்குறிச்சி மணலைக் காட்டுவேன். அங்கே மோனசைட் மணலில் தோரியம் இருப்பது நமக்கெல்லாம் தெரியும். அதே தோரியமும் யுரேனியமும் பொட்டாசியமும் பூமிக்குள் சிதைந்துகொண்டே இருப்பதால்தான் பூமியின் உள்சூட்டில் ஏறக்குறைய பாதி வருகிறது. செவ்வாயின் எடை பூமியில் பத்தில் ஒரு பங்கு. சின்னப் பானைச் சோறு சீக்கிரம் ஆறுவதுபோல அது ஆறிவிட்டது. உள்சூடு குறைந்ததும் அதன் காந்தப்புலமும் சுமார் 400 கோடி வருடத்துக்கு முன்பே நின்றுபோனது. அந்தக் கவசம் போனதும், சூரியனிலிருந்து வீசும் துகள்களான சூரியக்காற்று அதன் வளிமண்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டு போய்விட்டது.

அப்போ எங்கேதான் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்?

பனிக்கட்டிக்கு அடியில். வியாழனின் யூரோப்பா, சனியின் என்சலாடஸ் இரண்டு நிலவுகளிலும் மேலே பனி ஓடு, உள்ளே உப்புக்கடல். என்சலாடஸ் தன் கடல்நீரை விண்வெளியில் பீய்ச்சி அடிக்கிறது. சனியைச் சுற்றிய காசினி கலம் அந்தப் பீச்சலுக்குள்ளேயே புகுந்து பறந்தது. உப்பு, கரிமப் பொருள், ஹைட்ரஜன் கிடைத்தது. பாஸ்பரஸ் இருப்பது 2023இல் தெரிந்தது. உயிருக்குத் தேவையான மளிகைப் பட்டியலில் பெரும்பாலானவை வந்துவிட்டன. சமையல் நடந்ததா என்பதுதான் தெரியவில்லை. நாசாவின் யூரோப்பா கிளிப்பர் கலம் 2024 அக்டோபரில் கிளம்பிவிட்டது, 2030இல் வியாழனை அடையும். அதுவரை சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார் என் டாக்டர்.

கே2-18பி கிரகத்தில் உயிர் கண்டுபிடித்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்ததே?

கண்டுபிடிக்கவில்லை. அது 124 ஒளியாண்டு தூரத்தில், அதாவது ஒளியே வந்துசேர 124 வருடம் ஆகும் தூரத்தில் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் உள்ள நம் நாட்டவர் நிக்கு மதுசூதன் குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி தந்த தரவில் டைமெத்தில் சல்பைடின் சாயல் தெரிவதாக 2025 ஏப்ரலில் சொன்னது. அந்த வாயு உங்களுக்குப் பழக்கம்தான். கடற்கரையில் இறங்கியதும் மூக்கில் ஏறுகிற கடல் வாடையில் பெரிய பங்கு அதுதான், கடலின் மிதவைப் பாசிகளிலிருந்து வருகிறது. அதனால்தான் பரபரப்பு.

ஆனால் அந்தச் சாயல் தற்செயலாக வந்திருக்க சுமார் ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு உண்டு என்று அவர்களே சொன்னார்கள். இப்படிப்பட்ட அறிவிப்புக்கு எங்கள் தொழிலில் கேட்கிற உறுதி அதைவிடப் பல மடங்கு அதிகம். மற்ற குழுக்கள் அதே தரவை அலசிப் பார்த்து, இதை வைத்து அந்த வாயு இருப்பதாகவே சொல்ல முடியாது என்றன. போதாததற்கு, உயிரே இல்லாத ஒரு வால்மீனிலும் அதே வாயு இருப்பது தெரியவந்தது. 2020இல் வெள்ளிக் கிரகத்தில் உயிரின் அடையாளமாக இருக்கக்கூடிய பாஸ்பீன் வாயு இருக்கிறது என்று கிளம்பிய செய்தியும் இதே பாதையில்தான் இன்னும் இழுபறியில் இருக்கிறது. உயிர் நிஜமாகவே கிடைக்கும் நாளிலும் இப்படித்தான் இருக்கும்: ஒரு மங்கலான சாயல், பத்து வருடச் சண்டை.

பக்கத்துக் கேரளத்தில் சிவப்பு மழை பெய்ததே, அது விண்வெளியிலிருந்து வந்த உயிர் என்றார்களே?

2001 ஜூலையில் கோட்டயம், இடுக்கி பக்கம் தொடங்கியது. துணி எல்லாம் சிவந்துபோனது. கோட்டயத்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள், அவை வால்மீனிலிருந்து வந்த செல்களாக இருக்கலாம் என்று எழுதி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே அரசு கேட்டு நடந்த ஆய்வில், அவை ட்ரென்டெபோலியா என்ற பாசியின் வித்துகள் என்று தெரிந்திருந்தது. ஈரமான மரப்பட்டையில் ஆரஞ்சு நிறத்தில் படருமே, அந்த இனம். மறுபடியும் வீட்டுக் கொல்லைதான்.

இஸ்ரோ தலைவர்கள் நம்ம ஊர்க்காரர்கள். அவர்களுக்கு உண்மை தெரியும், மறைக்கிறார்கள் என்கிறான் என் மச்சான்.

கே. சிவன், இப்போது வி. நாராயணன், இருவரும் நம் மாவட்டத்துக்காரர்கள் என்பது சரி. மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின் சோதனை நடப்பதும் சரி. மறைப்பதுதான் நடக்காத காரியம். வானம் எல்லாருக்கும் பொது. 2025 ஜூலையில் வேறு நட்சத்திர மண்டலத்திலிருந்து 3ஐ அட்லஸ் என்ற வால்மீன் வந்தபோது, உலகமெங்கும் வீட்டு மாடிகளிலிருந்தே படம் எடுத்தார்கள். அதையும் விண்கலம் என்று சிலர் சொன்னார்கள். அது வால்மீனாகவே வந்தது, வால்மீனாகவே போனது. சமிக்ஞை கிடைத்தால் முதலில் சரிபார், பிறகு எல்லாருக்கும் சொல் என்று 1989லேயே இந்தத் துறையினர் எழுதி ஒப்புக்கொண்ட விதிமுறையும் இருக்கிறது. மேலும், வானியலாளர்களால் ரகசியம் காக்க முடியாது. எனக்குத் தெரிந்து ஒருவராலும் முடிந்ததில்லை.

வானத்தில் வரிசையாக விளக்கு போனதைப் பார்த்தேன் என்பவர்களுக்கு: ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். அசையாமல் ஒரே இடத்தில் எரிகிறது என்றால் பெரும்பாலும் விடிவெள்ளி.

நாமே அவர்களுக்குச் செய்தி அனுப்பலாமே?

அனுப்பியாயிற்று. 1974இல் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து 1,679 புள்ளிகள் கொண்ட ஒரு படம், எம்13 என்ற நட்சத்திரக் கொத்தை நோக்கிப் போனது. போய்ச் சேரவே சுமார் 25,000 வருடம் ஆகும். 1977இல் கிளம்பிய வாயேஜர் கலங்களில் 55 மொழிகளில் வணக்கம் சொல்லும் தங்கத் தட்டு இருக்கிறது. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு, இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கரின் பாட்டுகூட உண்டு. தமிழும் மலையாளமும் இல்லை. மொழிகளைத் திரட்டியவர்கள் அவசரத்தில் கிடைத்த ஆட்களை வைத்துப் பதிவு செய்தார்கள், சதி ஒன்றும் இல்லை. இருந்தாலும் இரண்டு பாஷையும் பேசுகிற நம் மாவட்டத்துக்கு இது கொஞ்சம் ஓரவஞ்சனைதான்.

வேற்றுக்கிரகத்தில் உயிர் இருந்தால் கடவுள் நம்பிக்கை என்ன ஆகும்?

இதைக் கோயில்காரர்கள், அச்சன்மார், பள்ளிவாசல் பெரியவர் எல்லாருமே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். யாரும் பயந்து கேட்டதாகத் தெரியவில்லை. வாடிகனுக்கே சொந்தமாக வானாய்வகம் உண்டு. இதற்குமேல் என் துறை இல்லை.

இங்கிருந்து எதைப் பார்க்கலாம்?

நாம் இருப்பது 8 டிகிரி வடக்கில். துருவ நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி உயரத்தில்தான் நிற்கும், பெரும்பாலும் தென்னை மறைத்துவிடும். பதிலுக்குத் தெற்கு வானம் நமக்கு நன்றாகத் திறந்திருக்கிறது. மே மாதம் நடுவில், தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால், ராத்திரி ஒன்பது மணிக்குக் கடலைப் பார்த்துத் தெற்கே நில்லுங்கள். நேர் எதிரே சிலுவை வடிவில் நாலு நட்சத்திரம். அதற்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமானவை. சிலுவையிலிருந்து தள்ளி இருப்பதும் இரண்டில் அதிகப் பிரகாசமானதும் ஆல்ஃபா சென்டாரி, சுமார் 4.4 ஒளியாண்டு. அதன் கூட்டாளி பிராக்ஸிமா கண்ணுக்குத் தெரியாது. அதைச் சுற்றி ஒரு கிரகம் இருப்பது 2016இல் தெரிந்தது. பத்து மணிக்கு மேல் ஆல்ஃபா சென்டாரி, கையை நீட்டினால் இரண்டு முஷ்டி உயரத்துக்கு வந்துவிடும்.

டிரேக் முதலில் கேட்டுப் பார்த்த டவ் செட்டியும் கண்ணுக்குத் தெரியும், டிசம்பர் தொடக்கத்தில் அதே ஒன்பது மணிக்கு, தெற்கே உயரத்தில், மங்கலாக. அப்போது மழை விட்டிருக்க வேண்டும். முட்டத்துக்கு வருகிறவர்கள் லைட்ஹவுஸ் வெளிச்சம் படாத பக்கமாக, பாறைக்குக் கீழே வாருங்கள். போனை அணைத்துவிட்டு வாருங்கள். டார்ச் வேண்டாம், பாதை எனக்குத் தெரியும்.